பூண்டியின் கரையும் தீரரின் கேள்விகளும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் சென்னை நாளிதழ்களில் ஒரு சிறு பெட்டிச் செய்தி தவறாமல் இடம்பெறும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம் ஆகியவை அதில் எண்களாக இருக்கும். பூண்டிக்கு நேராக, முழு உயரம் 35 அடி, முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி என்று அச்சாகியிருக்கும். திருவொற்றியூரில் வாழும் எனக்கு அது வெறும் குடிநீர்க் கணக்கு மட்டுமன்று. பூண்டியில் திறக்கப்படும் உபரிநீர் கொசஸ்தலையாற்றில் இறங்கி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. அந்த ஏரியின் நலமும் கேடும் ஆற்றின் கடைக்கோடியில் இருக்கும் எங்களிடம்தான் இறுதியில் வந்து சேர்கின்றன.

அந்த நீர்த்தேக்கத்தின் முறையான பெயர் சத்தியமூர்த்தி சாகர். தீரர் சத்தியமூர்த்தி என்று ஒரு தலைமுறை கொண்டாடிய மனிதரின் பெயர் அது. இன்றைய இளைஞர்கள் பலருக்கு அவர் ஒரு கட்சி அலுவலகத்தின் பெயராகவோ, காமராஜரின் அரசியல் ஆசானாகவோ மட்டுமே தெரிந்திருக்கிறார். அவருடைய வாழ்வை மீண்டும் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. அவர் விட்டுச்சென்ற சொத்து ஓர் ஏரி மட்டுமன்று, ஒரு பழக்கமும்கூட. ஆள்வோரைக் கேள்வி கேட்டு, பதில் வரும்வரை விடாதிருக்கும் பழக்கம் அது. ஏரியைப் பெற்றுக்கொண்ட நாம் அந்தப் பழக்கத்தைப் பெற்றுக்கொண்டோமா என்பதுதான் என் ஐயம்.

சத்தியமூர்த்தி 1887 ஆகஸ்ட் 19 அன்று புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் பிறந்தார். வற்றாத ஆறு எதுவும் பாயாத மண் அது. மழை நீரைக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் தேக்கிவைத்து ஆண்டு முழுவதும் பிழைத்திருக்கும் ஊர்கள். கரையைக் காப்பது, மடையைத் திறப்பது, கலுங்கில் நீர் போகும் அளவைப் பார்ப்பது ஆகியவற்றுக்கெல்லாம் அப்பகுதிகளில் ஊர்ப்பொறுப்பு உண்டு. நீர்ப்பாய்ச்சும் ஊழியருக்கு நீர்க்கட்டி, நீராணிக்காரர் என்று வட்டாரந்தோறும் பெயருண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் ஏரி வாரியம் தொடங்கி, பிற்காலத்துக் குடிமராமத்து வரை, கரையைக் கட்டியவனைவிடக் கரையைப் பார்த்துக்கொள்பவனுக்கே தமிழ்நாட்டு ஊர்கள் நாள்தோறும் கடமைப்பட்டிருந்தன.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்த அவர், பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். நீதிமன்றத்தைவிடப் பொதுமேடையே அவரை ஈர்த்தது. மாண்டேகு - செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் விவாதிக்கப்பட்ட 1919-ஆம் ஆண்டில், காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக அவர் லண்டன் சென்றார். முப்பது வயதைச் சற்றே கடந்த ஒரு புதுக்கோட்டைக்காரருக்கு அது பெரும் பொறுப்பு. ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருசேரக் கூட்டத்தைக் கட்டிப்போடும் சொல்வன்மை அவருக்கு வாய்த்திருந்தது. நாடக மேடை அந்தக் குரலை மேலும் கூர்மையாக்கியது. சுகுண விலாச சபையின் நாடகங்களில் நடித்தவர் அவர். பேசும்படம் வந்தபோது, படித்தவர்கள் பலர் முகம் சுளித்த அத்தொழிலுக்கு ஆதரவாக நின்று, தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தலைவராகவும் இருந்தார்.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் தளர்ந்தபின், சட்டமன்றங்களுக்குள் நுழைந்து அங்கிருந்தே அந்நிய ஆட்சியை எதிர்க்க வேண்டும் என்று வாதிட்ட சுயராஜ்யக் கட்சியில் அவர் சேர்ந்தார். 1923-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கேதான் அவருடைய தனித்திறன் வெளிப்பட்டது. முக்கிய அதிகாரங்கள் ஆளுநரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும் இருந்த காலத்தில், மக்கள் பிரதிநிதிகளின் கையில் இருந்த வலுவான கருவி கேள்விதான். ஒரு துறையின் கணக்கைக் கேட்பது, வந்த பதிலில் உள்ள இடைவெளியைக் கண்டு துணைக்கேள்வி தொடுப்பது, அதன்பின் அவைக்குறிப்பில் அதை நிலைக்கச் செய்வது என அந்தக் கருவியை அவர் பழுதறக் கையாண்டார்.

அவருடைய வாதத்திறன் எல்லா நேரமும் நல்ல பக்கத்திலேயே நின்றது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க முனைந்தபோது, மரபின் பெயராலும் கலையின் பெயராலும் அதை எதிர்த்து நின்றவர்களில் சத்தியமூர்த்தி முதன்மையானவர். வரலாறு அந்த விவாதத்தில் முத்துலட்சுமி ரெட்டியின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒருவரைப் போற்றும்போது இதை மறைக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்பவரும் கேள்விக்கு உட்பட்டவரே.

1930-இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் தேசியக் கொடியேற்ற முயன்று சிறை சென்றார். 1934 இறுதியில் நடந்த மத்தியச் சட்டசபைத் தேர்தலில், நீதிக்கட்சியின் பெரும்புள்ளியான ஆற்காடு ராமசாமி முதலியாரைச் சென்னை நகரத் தொகுதியில் தோற்கடித்து டெல்லி சென்றார். அங்கே காங்கிரஸ் குழுவின் துணைத் தலைவராக விளங்கினார். கேள்வி நேரத்தில் அரசுத் தரப்பைத் திணறவைப்பதில் டெல்லியிலும் அவர் பெயர்பெற்றார். 1936-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது, விருதுநகரிலிருந்து வந்த காமராஜரைத் தம்முடைய செயலாளராக்கிக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்துக் காமராஜர் தலைவரானபோது, ஆசான் தயக்கமின்றித் தம் சீடரின்கீழ்ச் செயலாளராகப் பணியாற்றினார். தமிழக அரசியலில் இதற்கு இணையான நிகழ்வு அதிகம் இல்லை.

1937 தேர்தலில் காங்கிரஸ் வென்றது. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அமைச்சரவையில் சத்தியமூர்த்திக்கு இடம் அமையவில்லை. அந்த மனக்குறையோடு ஒதுங்கிவிடாமல் அவர் ஏற்ற பொறுப்புதான் சென்னை மாநகர மேயர் பதவி. 1939-40-ஆம் ஆண்டுக்கு அவர் மேயரானபோது நகரம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தவிப்பின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1772-இல் ஜார்ஜ் டவுனின் வடபகுதியில் தோண்டப்பட்ட ஏழு கிணறுகள்தாம் சென்னையின் முதல் பொதுக் குடிநீர்த் திட்டம். கோட்டைக்கு நீர் தந்த அந்தக் கிணறுகளின் பெயர் இன்றும் ராயபுரத்துக்குத் தெற்கே ஒரு பகுதியின் பெயராக வழங்குகிறது. 1872-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு அமைத்து, நீரைச் சோழவரத்துக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது.

இத்தனைக்குப் பின்னும் ஒரு பெருங்குறை இருந்தது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டு நீரைத் திருப்பும் அமைப்பே தவிரத் தேக்கும் அமைப்பு அன்று. வெள்ளக் காலத்தில் கால்வாய் தாங்கும் அளவுக்குமேல் வந்த நீரெல்லாம் அணைக்கட்டின்மேல் வழிந்து எண்ணூரில் கடலில் கலந்தது. சில மாதங்களிலேயே நகரம் வறண்டது. துறைமுகமும் ரயில்வேயும் ஆலைகளும் வடசென்னைக்கு உழைப்பாளிகளை அழைத்து வந்துகொண்டிருந்த காலம் அது. 1941 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.77 லட்சம். தெருக்குழாயை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு, மேலே எங்கோ ஓர் ஆற்றில் வீணாகும் நீர் கண்ணுக்குத் தெரியாது. காலிக்குடம்தான் தெரியும்.

தாமரைப்பாக்கத்துக்கு மேலே, திருவள்ளூரை அடுத்த பூண்டியில் ஆற்றை மறித்து நீரைத் தேக்குவதே தீர்வு என்ற திட்டத்தைச் சத்தியமூர்த்தி கையிலெடுத்தார். சூழல் அவருக்குச் சாதகமாக இல்லை. அன்றைய மேயர் பதவிக்காலம் ஓராண்டுதான். உலகப்போர் தொடங்கிவிட்டது. இந்தியரைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இழுத்ததைக் கண்டித்து, 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியிருந்தது. மாகாணம் நேரடியாக ஆளுநரின் ஆட்சியில் இருந்தது. தம் கட்சி எந்த அரசோடு மோதிக்கொண்டிருந்ததோ, அதே அரசிடம் தம் நகரத்துக்காக நிதியும் ஒப்புதலும் கேட்டு அவர் வாதாட வேண்டியிருந்தது. போரைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவது அரசுக்கு எளிதாக இருந்திருக்கும். அதற்கு அவர் இடங்கொடுக்கவில்லை. 1940-இல், அவருடைய பதவிக்காலத்துக்குள்ளாகவே, ஆளுநர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார்.

அதன்பின் சத்தியமூர்த்திக்கு வாழ்வு மூன்றாண்டுகளுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் தாக்கக்கூடும் என்ற அச்சத்தில் சென்னை நகரின் பெரும்பகுதி காலியானது. அதே ஆண்டு ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய பம்பாய் மாநாட்டிலிருந்து திரும்பும்போது அவர் கைதானார். அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவருடைய முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. உடல் முற்றிலும் நலிந்த நிலையில், 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். வயது 55. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் பயன்பாட்டுக்கு வந்தது. தாம் போராடிப் பெற்ற நீரைத் தேங்கிய நிலையில் அவர் பார்க்கவில்லை. பின்னர் அந்த நீர்த்தேக்கம் அவர் பெயரைப் பெற்றது.

காமராஜர் தம் ஆசானை மறக்கவில்லை. நாடு விடுதலையடைந்த நாளில் அவர் சத்தியமூர்த்தியின் இல்லத்துக்குச் சென்று தேசியக்கொடி ஏற்றினார் என்பது தமிழகம் அறிந்த செய்தி. காலம் இவ்விருவரையும் ஒரே ஆற்றில் இணைத்துவிட்டதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கொசஸ்தலையாறு நகரத்துக்காகத் தேக்கப்படும் இடத்தில் சத்தியமூர்த்தியின் பெயர் இருக்கிறது. அது கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று வடக்கே, 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், 2014 முதல் காமராஜர் துறைமுகம் என்று வழங்குகிறது. ஆசானின் ஏரிக்கும் சீடரின் துறைமுகத்துக்கும் நடுவே பல லட்சம் மக்கள் வாழ்கிறார்கள்.

இனி, அவர் விட்டுச்சென்ற அந்த ஏரியைப் பற்றி. பூண்டியில் வெள்ளத்தை வெளியேற்றும் 16 மதகுகள் உறுதியான கட்டுமானத்தில் அமைந்தவை. அதன் இருபுறமும் நீண்டு கிடப்பது மண்கரை. மேட்டூரின் 120 அடியோடு ஒப்பிட்டால் 35 அடி நீர்த்தேக்கம் சிறியதுதான். 93 டி.எம்.சி.க்கும் மேல் கொள்ளும் மேட்டூர் எங்கே, மூன்றேகால் டி.எம்.சி.யைத் தொடும் பூண்டி எங்கே. ஆயினும் மண்ணணையின் ஆபத்து அதன் உயரத்தை மட்டும் பொறுத்ததன்று. கீழே யார் வாழ்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

மண்கரை ஒருபோதும் முற்றிலும் நீர்புகாதது அன்று. தேங்கிய நீர் மெல்ல மெல்லக் கரைக்குள் ஊடுருவி மறுபுறம் கசியவே செய்யும். கசியும் நீர் தெளிந்திருந்து, அதன் அளவும் ஏரி மட்டத்துக்கு ஏற்ப ஒரே சீராக இருந்தால் அச்சமில்லை. அந்நீர் கலங்கலாக வரத் தொடங்கினால், கரையின் உள்ளிருந்து மண் அரிக்கப்பட்டு வெளியேறுகிறது என்று பொருள். உள்ளே ஒரு சிறு குழல்போன்ற பாதை உருவாகிவிட்டால், சில மணி நேரத்தில்கூட அது உடைப்பாக மாறலாம். எலி வளை, கறையான் புற்று, பட்டுப்போன மரத்தின் வேர் ஆகியவை அந்தப் பாதைக்கு வழிவிடும். கோடையில் உலர்ந்து வெடித்த கரைமுகடு மழைக்காலத்தில் நீரை உள்வாங்கும். ஏரி மட்டத்தை மிக விரைவாகக் குறைத்தால், நனைந்து கனத்த உட்சரிவு சரிந்து விழலாம். இவை அனைத்தையும்விடக் கொடியது, நீர் மண்கரையின்மேல் ஏறி வழிவது. கல்லணையின்மேல் நீர் வழியலாம். மண்கரையின்மேல் வழிந்தால் கரை மிஞ்சாது. அதனால்தான் மதகுகள் குறித்த நேரத்தில் திறந்தாக வேண்டும் என்பது உயிர்நிலையான விதி.

இவற்றைக் கண்காணிக்கும் முறைகள் எளியவை. கரையின் அடிவாரத்தில் நடந்து, ஈரத்திட்டுகளையும் திடீரென்று செழித்த புல்லையும் குறித்துக்கொள்வது. கசிவு நீரை வி வடிவ வெட்டுள்ள தடுப்பின்வழியே விட்டு நாள்தோறும் அளப்பது. கரைக்குள் குழாய் இறக்கி உள்நீரின் மட்டத்தைப் பார்ப்பது. முகட்டில் அடையாளக் கற்கள் நட்டு, கரை தாழ்கிறதா என்று ஆண்டுதோறும் மட்டம் பார்ப்பது. மழைக்கு முன்பே ஒவ்வொரு மதகையும் இயக்கிப் பார்ப்பதும், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு உண்டா என்று சோதிப்பதும். நவீனக் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் நடந்து பார்த்துக் குறிப்பெழுதும் ஊழியரின் இடத்தை எதுவும் நிரப்பிவிடவில்லை. ஒரு நாள் அளவால் பயனில்லை. பத்தாண்டு அளவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் கரை பேசும்.

பார்க்கத் தவறியதற்கு நாடு கொடுத்த விலை சிறிதன்று. 1961 ஜூலை 12 அன்று, கட்டுமானம் முழுமை பெறாத பான்ஷெட் மண்ணணை உடைந்து புனே நகருக்குள் வெள்ளம் புகுந்தது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு இரண்டாம் அணையில், மதகுகளால் வெளியேற்ற இயலாத வெள்ளம் இருபுற மண்கரைகளின்மேல் ஏறியது. மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இலங்கையில் திருகோணமலை மாவட்டத்தின் பழம்பெரும் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2019 ஜூலையில் மராட்டியத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்னும் சிறு மண்ணணை இரவில் உடைந்தது. அணை கசிவது பற்றி ஊரார் முன்பே முறையிட்டிருந்தனர். 2021 நவம்பரில் ஆந்திரத்தின் அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டபோது, மதகு ஒன்று இயங்காத நிலையில் இருந்தது பேசுபொருளானது. வெவ்வேறு மாநிலங்கள், வெவ்வேறு காலங்கள். ஆனால் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே.

அன்னமய்யா அணை உடைந்த அதே ஆண்டின் இறுதியில், 2021 டிசம்பர் 30 அன்று, அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாநில உரிமை குறித்து அச்சட்டத்தின்மேல் தமிழகம் எழுப்பிய ஐயங்கள் தனியே பேசப்பட வேண்டியவை. ஆனால் அதன் தொழில்நுட்ப விதிகள் நமக்குப் பயன்படக்கூடியவை. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமிருந்து பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவைத் தொடும் அணைகளும் அதன் வரம்பில் அடங்கும். பூண்டியின் கொள்ளளவு அதைப்போல் தொண்ணூறு மடங்கு. பருவமழைக்கு முன்னும் பின்னும், பெருவெள்ளத்தின் போதும் அதற்குப் பின்னும் அணையை ஆய்வு செய்ய வேண்டும். கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தி அளவுகளைப் பதிவு செய்ய வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்தாண்டுக்குள் இடர் மதிப்பீடும், நெருக்கடிக் காலச் செயல்திட்டமும், தனி வல்லுநர் குழுவின் முழுமையான பாதுகாப்பு ஆய்வும் முடிந்திருக்க வேண்டும். 2026 டிசம்பரோடு அந்த ஐந்தாண்டு நிறைகிறது.

பூண்டி இன்று 1944-இல் இருந்த பூண்டியும் அன்று. 2,573 மில்லியன் கன அடிக்குக் கட்டப்பட்ட ஏரி, கிருஷ்ணா நீரைப் பெறுவதற்காக உயர்த்தப்பட்டு 3,231 ஆனது. 1996 முதல் தெலுங்கு கங்கைக் கால்வாயில் நீர் வருகிறது. அதற்குக் கீழே ஆறும் மாறிவிட்டது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. சதுப்பு நிலங்கள் சுருங்கியிருக்கின்றன. முன்பு ஆறு தாராளமாகப் பரந்து ஓடிய இடங்களில் இன்று ஆலைகளும் கிடங்குகளும் குடியிருப்புகளும் இருக்கின்றன. 2021 நவம்பரில் பூண்டியின் உபரிநீரும் வழியெல்லாம் பெய்த மழைநீரும் சேர்ந்து மணலி புதுநகரையும் சுற்றுப்பகுதிகளையும் சூழ்ந்தன. அந்த நேரத்தில் அணை சொன்னபடியே இயங்கியது. கரைக்கு எதுவும் நேரவில்லை. அப்படியிருந்தும் மக்கள் படகில் மீட்கப்பட்டார்கள். அணை நன்றாக இருக்கும்போதே இந்த நிலை என்றால், கீழே வாழ்பவர்கள் கரையைப் பற்றிக் கேட்பது தேவையற்ற பீதியாகாது.

நீர்வளத் துறையின் களப்பணியாளர்கள் மழைக்காலத்தில் இரவும் பகலும் கரையில் நிற்பதை நான் அறிவேன். அவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. அவர்கள் எழுதும் குறிப்பேடு அலுவலக அலமாரியோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். நாளிதழின் அந்தப் பெட்டியில் ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று தெரிகிறது. அந்த நீரைத் தாங்கும் கரை எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. இருப்பு குறைந்தால் ஊரே பேசுகிறது. கசிவு கூடினால் யாருக்கும் தெரிவதில்லை.

சத்தியமூர்த்தி பொறியாளர் அல்லர். கசிவின் கணிதம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வந்த அவையில் கேள்வித்தாள் வெறுமையாக இருந்ததில்லை. இன்று சென்னை மாமன்றத்தில் திருவொற்றியூர், மணலி மண்டலங்களிலிருந்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சட்டமன்றத்தில் எங்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அவர்கள் எழுப்பக்கூடிய கேள்விகள் எளியவை. பூண்டி, சோழவரம், புழல் கரைகளில் இந்த ஆண்டு மழைக்கு முந்தைய ஆய்வு எந்த நாளில் நடந்தது? அதில் கண்ட குறைகள் எவை, அவற்றுள் எத்தனை சரிசெய்யப்பட்டன? கசிவின் அளவு கடந்த பத்தாண்டுகளில் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? பதினாறு மதகுகளும் இயக்கிப் பார்க்கப்பட்டனவா? நெருக்கடிக் காலச் செயல்திட்டம் தமிழில் இருக்கிறதா? பூண்டியில் எத்தனை கன அடி திறந்தால் எத்தனை மணி நேரத்தில் மணலி புதுநகருக்கும், சடையங்குப்பத்துக்கும், எண்ணூர் மீனவக் குப்பங்களுக்கும் நீர் வந்து சேரும் என்ற வரைபடம் எந்த வார்டு அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது?

இவற்றுக்குப் பதில் தருவதால் எந்த அரசுக்கும் இழுக்கில்லை. நல்ல பதில்கள் இருக்குமானால் மக்களின் அச்சம் தீரும். குறைகள் இருக்குமானால் அடுத்த மழைக்குள் அவற்றைச் சரிசெய்யக் காலம் கிடைக்கும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 19 அன்று தலைவர்கள் தீரர் சத்தியமூர்த்திக்கு மாலை அணிவிக்கிறார்கள். பருவமழைக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்னதாக வரும் நாள் அது. அந்த நாளில், அவர் பெயர் தாங்கிய ஏரியின் கரை பற்றிய ஆய்வறிக்கையை மக்கள் முன் வைப்பதை அரசு ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம்.